தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரே சாட்சி

என்னிடம் ஒரு அஞ்சலட்டை இருக்கிறது. வில்லியனூர் என்ற முத்திரை நன்றாகத் தெரிகிறது. நாளும் ஆண்டும் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பி ஒரே கறுப்பாகக் கிடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். அட்டையை மட்டும் வைத்து, எழுபதுகளின் பிற்பகுதி என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அட்டையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது:

"செவ்வாய்க்கிழமை காலை தூங்குமூஞ்சி மரத்தில் மேற்குக் கிளை இருந்தது. கண்ணால் பார்த்தேன். சாட்சி 1: ஆரோக்கியசாமி, பாயிண்ட்ஸ்மேன். சாட்சி 2:"

இரண்டாவது சாட்சிக்கு எதிரே வெற்றிடம்.

இந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் ஒரு காட்சி நினைவுக்கு வரும். ஒரு ரயில்வே அதிகாரி, பேன்ட் முட்டியில் தூசு படுவதைப் பொருட்படுத்தாமல், சிமென்ட் தரையில் மண்டியிட்டிருக்கிறார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை நான் செய்த மாடலின் தண்டவாளத்துக்கு நேராக வைத்துப் பார்க்கிறார். கதவோரம் ஆரோக்கியசாமி தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மேஜை மேல் மின்விசிறி சுற்றுகிறது. என் மரங்களின் தூள் இலைகள் பறந்துவிடுமோ என்பதுதான் அந்த நிமிடம் என் கவலை.

அந்தக் கவலைக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

சென்ற வாரம் வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். பழைய ஆட்கள் அந்த அலுவலகத்தை அப்போதும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். நான் உட்கார்ந்தது எத்தா சிவில் பிரிவில். பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றும் என் மேஜையைத் தாண்டித்தான் பதிவேட்டில் ஏறும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால்தான் ஏறும்.

ஒருமுறை ஒருவர் பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்தார். ஒரு சாட்சிதான் உடன் வந்திருந்தார். நான் முடியாது என்றேன். "குழந்தையே வந்திருக்குது, இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் உனக்கு?" என்று கேட்டார். அப்போதும் நான் பேனாவைத் திறக்கவில்லை. இதை அந்தக் காலத்தில் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு ரயில் சந்திப்பை மாடலாகச் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு மேற்கே, சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த சின்ன சந்திப்பு அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். மெயின் லைனும் அதிலிருந்து பிரியும் தெற்கு லைனும் சேரும் இடம். இரண்டு பிளாட்பாரம், ஒரு சரக்குக் கொட்டகை, ஐந்தாறு குவார்ட்டர்ஸ், வேலியோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அவ்வளவுதான் ஜங்ஷன்.

எங்கள் பக்கத்து ரயில் அப்போது மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் சரியாக ஒரு மீட்டர். அதனால் என் கணக்கு எளிது. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் பலகையில் ஒரு சென்டிமீட்டர்.

ஒரு தீக்குச்சியை இரண்டாக வெட்டினால் இரண்டு ஸ்லீப்பர் கட்டை. சங்கராபரணி ஆற்று மணலைத் துணியில் சலித்தால் ஜல்லி. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பெட்டிகள். சக்கரங்களை மட்டும் திருபுவனை பக்கம் லேத் வைத்திருந்த ஒருவர் பித்தளையில் கடைந்து கொடுத்தார். மோட்டார் கிடையாது. விரலால் தள்ளினால் எஞ்சின் ஓடும்.

நாலு பலகைகள் கூடத்தை அடைத்துக்கொண்டன. என் மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள்: "இந்த வூட்டுல ஜங்ஷனுக்கு எடம் இருக்குது. ஒரு பீரோ வைக்க எடம் இல்ல."

வெளிநாட்டு மாடல்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருப்பதாகப் படித்திருந்தேன். மாடல் என்பது ஓர் ஊரை மட்டும் காட்டினால் போதாது, ஒரு நாளையும் காட்ட வேண்டும். அன்று சுவரில் என்ன விளம்பரம், கொட்டகையில் எத்தனை ஓடு உடைந்திருந்தது என்பது வரை. அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அத்துடன் என் அலுவலக வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு சாட்சி இல்லாமல் எதுவும் பலகையில் ஏறாது. அதற்கென்று ஒரு நோட்டு. பொருள், அளவு, பார்த்த தேதி, சாட்சி 1, சாட்சி 2.

நாலாவது வாளி

பெரும்பாலும் சாட்சி 1 நான். சாட்சி 2 ஆரோக்கியசாமி.

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வில்லியனூர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிராமம் ஒன்றில் பிறந்தவர். சந்திப்பில் பாயிண்ட்ஸ்மேன். லைன் பிரியும் இடத்தில் லிவரைத் தள்ளி ரயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி அமைப்பது, எஞ்சினுக்குக் கொடி காட்டுவது அவர் வேலை. நான் பிளாட்பாரத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து, மறுமுனையைப் பிடிக்க வந்தவர். அதற்குப் பிறகு லீவு நாட்களில் என் வீட்டுக்கே வந்துவிடுவார். பலகை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பார்.

"இன்னாய்யா இது, சிக்னல் கம்பம் இவ்ளோ நேரா நிக்குது? எங்க கம்பம் கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்கும்."

"எவ்வளவு சாய்வு?"

"அதையும் அளப்பியா? குடிச்சுட்டு நிக்கிற ஆளு மாதிரி. எழுதிக்கோ."

ஒருநாள் பிளாட்பாரத்தில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு வாளிகள் பற்றிப் பேச்சு வந்தது. நாலு என்றார். நான் போய் எண்ணினேன். மூன்றுதான் இருந்தன. மாடலில் மூன்றே வைத்தேன். பிறகு தெரிந்தது, நாலாவது வாளியை யாரோ வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துப் போயிருந்தார்கள்.

"நான் சொன்னேன்ல? நாலுதான்."

"நான் பார்த்த அன்றைக்கு மூணு."

சிரித்தார். "ஐயோ சாட்சிக்காரரே, உன்னோட எவன் குடும்பம் நடத்துவான்" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் என் பெயர் 'சாட்சிக்காரர்'தான். அவர் மனைவி மதலேனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அவர்கள் குவார்ட்டர்ஸ் கதவு நீலம். அந்த நீலம் சரியாக வருவதற்கு நான் மூன்று முறை சாயம் கலந்தேன். மதலேனே வந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும் அண்ணே, மழையில நனையுதுல்ல" என்று திருத்திவிட்டுப் போனார். நோட்டில் அதற்குச் சாட்சி 2 அவர்தான்.

செவ்வாய்க்கிழமை

அன்று நடந்ததை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

தெற்கு லைனிலிருந்து ஒரு எஞ்சின் இரண்டு காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வர வேண்டும். ஆரோக்கியசாமி மரத்துக்கு எஞ்சின் பக்கமாக நின்று பச்சைக் கொடி காட்டினார். எஞ்சின் மெதுவாகக் கிளம்பியது; அதற்கு முன்னால் நடந்து வழி அமைப்பதுதான் அங்கே வழக்கம். அவர் மரத்தைத் தாண்டி நடந்து லைன் பிரியும் இடத்துக்கு வந்து லிவரைத் தள்ளினார். இடையில் ஒரு கல் சிக்கி, தண்டவாளம் முழுதாக ஒட்டவில்லை. உடனே திரும்பிச் சிவப்புக் கொடி காட்டியதாகச் சொன்னார். எஞ்சின் நிற்கவில்லை. தடம் புரண்டு சரக்குக் கொட்டகைச் சுவரில் மோதியது. கொட்டகையில் இருந்த ஒரு போர்ட்டரின் பாதம் நசுங்கியது.

டிரைவர் சொன்னது: பச்சையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிவப்பு எதுவும் தெரியவில்லை.

இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்க முடியும். தூங்குமூஞ்சி மரத்தின் மேற்குக் கிளை ஒன்று லைன் பக்கமாக, ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து தொங்கும். அது அன்று காலை இருந்திருந்தால், எஞ்சினிலிருந்து பார்ப்பவருக்கு லிவர் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரிய மாட்டார். இல்லாதிருந்தால் நன்றாகத் தெரிவார். அப்படித் தெரியும் இடத்தில் நின்றவரின் சிவப்புக் கொடியை டிரைவர் பார்க்கவில்லை என்றால், ஆரோக்கியசாமி கொடியே காட்டவில்லை என்றாகிவிடும்.

அவருடைய வேலையும் நீலக் கதவு போட்ட வீடும் அந்த ஒரு கிளையில் தொங்கின.

விசாரணைக்கு உன் பலகையைக் கொண்டு வா என்று கேட்டவர் அவர்தான். "வாயால சொன்னா எவன் நம்புவான்? நீ செஞ்சதப் பாத்தா நம்புவாங்க. ஒன்ன மாதிரி எவன் அளந்திருக்கான்?" என்றார்.

எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. மாடலின் நாளை அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன். பெட்டிகளை அன்று நின்ற இடத்தில் நிறுத்தினேன். மூங்கில் சீவலில் ஆரோக்கியசாமியைச் செதுக்கினேன், முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரம். கையில் அரிசி அளவு சிவப்புக் காகிதம். கடைசியாக எல்லாவற்றையும் சரிபார்க்க, விபத்து நடந்து பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் சந்திப்புக்குப் போனேன்.

மேற்குக் கிளை இல்லை.

வெட்டியிருந்தார்கள். வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பத்து நாள் காய்ச்சலா, பதினைந்து நாள் காய்ச்சலா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அஞ்சலை

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன். பெயர் அஞ்சலை. தோளில் தொரட்டிக் கழி.

இங்கே நான் செய்த முதல் தவறைச் சொல்ல வேண்டும். பேச ஆரம்பிக்கும்போதே நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

"இந்த மரத்துல கிளை வெட்டினது யாரும்மா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். "நீங்க ரயில்வேங்களா?"

"இல்ல, கொம்யூன் ஆபீஸ்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அரிவாளே எடுத்தாரது இல்ல."

"பயப்படாத. எந்தக் கிழமைன்னு மட்டும் சொன்னா போதும்."

"எந்தக் கெழமையும் நான் வெட்டலீங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன். சாட்சி இல்லை என்று.

வீட்டுக்கு வந்தேன். என் மாடலில் அந்தக் கிளை இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நானே பார்த்து, அளந்து, காய்ந்த துளசிக் குச்சியில் செய்து, மரத்தூளில் பச்சை ஏற்றி ஒட்டியது. இப்போது அங்கே கிளை இல்லை. நடுவில் அந்தச் செவ்வாய்க்கிழமை. எந்தப் பக்கமும் இரண்டு சாட்சி கிடையாது.

சிறிய கத்தரியை எடுத்துக் கிளையை வெட்டினேன். ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

ஏன் வெட்டினேன், ஏன் அப்படியே விடவில்லை என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். விதி என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. அதிகாரி ஜன்னல் வழியே மரத்தைப் பார்ப்பார், பிறகு என் பலகையைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பார். என் மாடல் தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அன்று மாலை ஆரோக்கியசாமி வந்தார். பலகை முன் உட்கார்ந்தார். மரத்தின் பக்கம் குனிந்தார்.

"கெள எங்க?"

"அங்க இல்லையே."

"இப்ப இல்ல. அன்னிக்கு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் எவனோ வெட்டிட்டான்."

"இன்னொரு சாட்சி வேணும். நீ மட்டும் சொன்னா, நீ சம்பந்தப்பட்ட ஆளு."

"நான் சொல்றது பத்தாதா உனக்கு?"

அப்போது நான் சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வாளி கூட நாலுன்னுதான் சொன்னே" என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். "வேணாம்மா, வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் வந்தது சைக்கிளில்.

இரண்டு நாள் கழித்து அந்த அஞ்சலட்டை வந்தது. படித்துவிட்டு நோட்டுக்குள் வைத்தேன். சாட்சி 2 காலியாக இருந்ததால் அது நிரூபணம் ஆகாது என்று நினைத்தேன்.

மண்டியிட்ட அதிகாரி

மறுநாள், விசாரணைக்குக் குறித்த புதன்கிழமை, நாலு பலகைகளையும் டயர் வண்டியில் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, வண்டிக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லி, நான் பின்னால் சைக்கிளில் போனேன். ஸ்டேஷனின் ஓர் அறையில் தரையில் பரப்பினோம்.

அதிகாரி நல்ல மனிதர். முதலில் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகுதான் மண்டியிட்டார். ஸ்கேல் ஒன்றை வரவழைத்துப் பிளாட்பாரத்தை அளந்தார். கணக்குப் போட்டார். தலையாட்டினார்.

"அபாரம். எல்லாமே அளவுப்படியா?"

"எல்லாம் அளவுப்படி சார்."

"விபத்து நடந்த அன்றைக்கு இருந்த மாதிரியேவா?"

"சான்று இல்லாத எதையும் நான் வைக்கல சார்."

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் எஞ்சினுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தார். "இங்கேருந்து ஆள் நல்லாத் தெரியுதே. கொடி கூடத் தெரியுது" என்றார்.

கதவோரத்திலிருந்து ஆரோக்கியசாமி, "ஐயா, அந்த மரத்துல ஒரு கெள..." என்று ஆரம்பித்தார்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். "கிளையா? இதுல இல்லையே?"

நான் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் முன்பு என் கண்ணால் பார்த்தேன், போன ஞாயிறு வரை இந்தப் பலகையிலும் இருந்தது, நான்தான் வெட்டினேன் என்று. அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இருந்திருக்காது. என் சட்டைப் பையில் அந்த நோட்டு இருந்தது. தேதியோடு எழுதியிருந்தது.

"அதுக்கு ரெண்டாவது சாட்சி கிடைக்கல சார்" என்றேன்.

மின்விசிறிக் காற்றில் மரத்தூள் கொஞ்சம் பறந்தது. நான் குனிந்து கையால் மறைத்தேன்.

நீலக் கதவு

ஆரோக்கியசாமியை வேலையிலிருந்து நீக்கவில்லை. பாயிண்ட்ஸ்மேன் பொறுப்பிலிருந்து இறக்கி, வெகுதூரத்தில் ஒரு மலையடிவார ஸ்டேஷனுக்கு, தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் ஒருவராக அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

காலி செய்த அன்று போனேன். பாத்திரம் கட்டிய மூட்டைகள் வாசலில் இருந்தன. ஆரோக்கியசாமி மாதா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் என்னை சார் என்றது அன்றுதான்.

மதலேன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அண்ணே, உங்க பலகையில எங்க வூடு இன்னும் இருக்குதா?"

"இருக்கும்மா."

"கதவு?"

"இருக்கு."

"அப்ப நாங்க அங்கயே இருந்துக்கறோம். அத காலி பண்ணச் சொல்லி எவனும் வரமாட்டான் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. "விடு மதலே, சாருக்கு நேரமாவுது" என்றார்.

பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சில வருஷம் கழித்து, காய்ச்சலில் அவர் இறந்துபோனதாக மதலேன் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஊர் வேறு மாநிலம். அவர் இறப்பு என் பதிவேட்டில் ஏறவில்லை.

குட்டி போட்ட ஆடு

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் என் மேஜை முன்னால் ஒரு பெண் நின்றாள். கணவனின் இறப்புச் சான்றிதழுக்கு வந்திருந்தாள். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். அஞ்சலை.

வேலையை முடித்துக் கொடுத்தேன். பதிவேட்டை மூடினேன். பேனாவை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பிறகு கேட்டேன்.

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன். சான்றிதழை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வெட்டனது நான்தாங்க. அன்னிக்கு நீங்க நோட்ட தூக்கிக்கினு வந்தீங்க. மரம் ரயில்வேது. புடிச்சிகினு போய்டுவாங்கன்னு பயந்துட்டேன்."

"ரயில் கவுந்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"அது இன்னா கண்டேன் சாமி. என் வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சு. குட்டி போட்டா நல்லாத் தின்னணுமில்ல? அதுக்குத்தான் வெட்டனேன். மாதா கோயில்ல கொடி ஏத்திட்டாங்க. தேரு இன்னும் ஓடல. அதுக்கு நடுவுல ஒரு நாளு."

வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்புகளைப் பார்த்தேன். அந்த வருஷம் கொடி ஏறியது சனிக்கிழமை. தேர் எட்டு நாள் கழித்து வந்த ஞாயிறு. அந்தச் செவ்வாயும் இதற்கு நடுவில்தான் வருகிறது. குட்டி போட்டது ஞாயிறோ திங்களோ என்றால் ஒரு விடை. புதனோ வியாழனோ என்றால் வேறு விடை. வில்லியனூரில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் என்னிடம் நாளும் நேரமும் இருக்கிறது. அந்த இரண்டு குட்டிகளுக்கு இல்லை.

தீப்பெட்டியைத் தேடி எடுத்தேன். துளசிக் குச்சி நொறுங்காமல் இருந்தது. பாதி இலைகள் உதிர்ந்திருந்தன. பசை வைத்து, முன்பு இருந்த அதே கோணத்தில் ஒட்டினேன். பிறகு மண்டியிட்டு எஞ்சினுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூங்கில் சீவல் மனிதன் தெரியவில்லை. கொடியும் தெரியவில்லை.

நோட்டில் எழுதினேன். தூங்குமூஞ்சி மரம், மேற்குக் கிளை. சாட்சி 1: ஆரோக்கியசாமி. சாட்சி 2 என்ற இடத்தில் என் பெயரை எழுதப் பேனா போனது. அந்த அஞ்சலட்டையில் அவர் விட்டிருந்த வெற்றிடம் யாருக்காக என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் அங்கே இல்லை. எழுதவில்லை.

அந்த நோட்டில் ஒரே சாட்சியோடு ஏறிய பதிவு அது ஒன்றுதான். அன்று காலை கிளை இருந்ததா என்பது, நான் இதை எழுதும் இன்று வரை, சரிபார்க்கப்படவில்லை.